ஐந்துக்குப் பதில் ஆறு

முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர்தான். நீ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாய். உனக்கு டீ கொண்டுவந்த நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். மட்டையில் பட்ட பந்து உயரப் பறந்து, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தில் நேராகப் போய் அடித்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை. சிரித்தபடியே பின்பக்கம் மடிந்து விழுந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். "ஐயோ, ஆள் பூட்டாண்டா, எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு" என்று நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா குளிக்கிற இடத்திலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். நீ திரும்பாமலே சொன்னாய்: "அது அட்டைம்மா. கொரோனாவுக்கு ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு போட்டோவ வெட்டி நிறுத்திக்கிறாங்க." "அப்ப அந்தச் சத்தம்?" "அதுவும் மிஷின்ல போடறதுதான்." அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அட்டைய உட்கார வெச்சி, டேப்புல கைதட்டி, கில்லி ஆடறானுங்க. இத பாத்து எழுதறதுக்கு உனுக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குளிக்கப் போனார்.

அப்படித்தான் எனக்குப் பேஸ்பால் பழக்கமானது. அதைப் பற்றி உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்குள் நீ ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். மற்றவர்கள் எழுதிய ஆட்டக் கணக்கைச் சரிபார்த்துக் கடைசி முடிவு சொல்கிற வேலையை உனக்குக் கொடுக்கிறார்கள். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். வியாழக்கிழமை போனில், "எனக்கு அது சரிப்படாதும்மா. அந்த ஒரு பந்து இருக்குது இல்ல" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் "சாப்ட்டியா" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை நானாகவே போன் செய்தேன், சொல்லிவிடுவது என்று. "அங்க மழையா" என்று கேட்டேன். நேற்றுக் காலையில் மறுபடி போன் செய்து, நாட்றம்பள்ளி மாமா வீட்டு நாய் குட்டி போட்டதைப் பத்து நிமிடம் சொன்னேன். நீயும் பொறுமையாகக் கேட்டாய். வாயால் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. உன் ஆபீசில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஊருக்கே காட்டு.

என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நான் ஒன்பதாவதோடு நின்றது வீட்டுக் கஷ்டத்தால் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். கஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது வேறு. வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். அது என் உதட்டைத் தாண்டாது. டீச்சருக்கும் காது கொஞ்சம் மந்தம். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் என் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டுக்கொண்டே வந்தார். அரை வருடம் முடிந்தபோது பதிவேட்டின்படி நான் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். உன் தாத்தா, "ஸ்கூலுக்குப் போறேன்னு எங்கடீ போற?" என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் வரவில்லை. மறு மாதம் ஷூ கம்பெனியில் தையல் பகுதிக்குப் போய்விட்டேன். அங்கே யாரும் பெயர் கூப்பிட மாட்டார்கள். வருகை அட்டையை மிஷினில் செருகினால் போதும். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அதனால்தான் உன் வேலை எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். கம்பெனி ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று பாதிப் பேரோடு ஓடிய காலம் அது. வீட்டில் இருக்கிற வாரம் நான் செய்ய ஒன்றும் இல்லை. நம் ஊரில் விடிகிற நேரத்தில் அங்கே சாயங்கால ஆட்டம் தொடங்கும். சிக்னல் ஜாஸ்தி கிடைக்கிற ஜன்னல் ஓரமாக நீ உட்காருவாய். நான் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன். எட்டு நாளில் ஆட்டம் புரிந்துவிட்டது. நான்கு மூலை. அடித்தவன் நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பிடிக்கிற பக்கம் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண். எறிகிறவன் ஒன்று, முகமூடி போட்டு உட்கார்ந்து பிடிக்கிறவன் இரண்டு, முதல் மூலையில் நிற்பவன் மூன்று, மூன்றாவது மூலையில் நிற்பவன் ஐந்து, அவனுக்கும் இரண்டாவது மூலைக்கும் நடுவில் நிற்பவன் ஆறு. யார் பிடித்தான், யார் எறிந்தான், யார் கோட்டைவிட்டான் என்று அந்த எண்ணை நீ அழுத்த வேண்டும். நீ கீழே பார்த்து அழுத்துகிற நேரத்தில் அடுத்த பந்து வந்துவிடும். "ம்மா, இன்னா ஆச்சு?" என்பாய். "அஞ்சு பிடிச்சி மூணுக்குப் போட்டான்" என்பேன். வெங்காயமும் ஓடும், ஆட்டமும் ஓடும்.

எனக்குப் புரியாதது கணக்குதான். ஒருவன் பத்துத் தடவை மட்டை பிடித்து மூன்று தடவை சரியாக அடித்தால் அவனைப் பெரிய ஆள் என்கிறார்கள். ஏழு தடவை அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகிறான். எங்கள் லைனில் பத்து ஜோடிக்கு ஏழு ஜோடி கெடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். அந்த மூன்றை அவர்கள் முந்நூறு என்று வேறு சொல்கிறார்கள். "பத்துக்கு மூணு எப்படிடா முந்நூறு?" என்றேன். "ஆயிரத்துக்கு முந்நூறும்மா" என்றாய். பத்துத் தடவை மட்டை பிடித்தவனுக்கு ஆயிரத்துக்கு எதற்குக் கணக்கு? ஆனால் அந்த வருடம் எல்லாமே அப்படித்தான் இருந்தது. நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஆடுகிற இடத்தில் அறுபதுதான். எச்சில் துப்பக் கூடாது என்று சட்டம். அதைக் கேட்டு கம்பெனியில் எங்கள் மேசை மெஹர் அக்கா, "அப்ப நம்ம ஊரு ஆம்பளைங்க ஒருத்தனும் டீம்ல சேர முடியாது" என்றாள். ஆட்டம் சமமாகி நீண்டுபோனால், சும்மா ஒருவனைக் கொண்டுவந்து இரண்டாவது மூலையில் நிறுத்தினார்கள். உன் அப்பாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. "அடிக்கல, ஓடல, நேரா ரெண்டாவது மூலைல வந்து நிக்கறான். எம்எல்ஏ வூட்டுப் புள்ளையா அவன்?" முதல் வாரம் ஒருத்தன் பத்துக்கு ஐந்து அடித்துக்கொண்டிருந்தான். சாமி மாதிரி ஆடுகிறானே என்றேன். நீ சொன்னாய்: "கொஞ்ச நாள் போவட்டும்மா, எறங்கிடுவான். கணக்கு கம்மியா இருந்தா எல்லாருமே சாமிதான். எல்லாருமே தண்டம்தான்." அவன் அடுத்த வாரமே இறங்கிவிட்டான். உன் வார்த்தையை நான் மறக்கவில்லை. நீதான் மறந்துவிட்டாய்.

இப்போது எங்கள் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைன் தலைப்பில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். மணிக்கு எத்தனை ஜோடி என்று மேலே. கீழே எங்கள் பெயர்கள். யார் தைத்த ஷூவில் தையல் கோணினாலும் ஓரம் கிழிந்தாலும், செக்கர் வந்து அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போவாள். நான் சேர்ந்த காலத்தில் அது கரும்பலகை, சாக்பீஸ். ஒரே நாளில் நான்கு கோடு விழுந்தால் மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். மறுபடி மிஷின் கிடைப்பது கஷ்டம். நான் சேர்ந்த முதல் வாரம், பதினைந்து வயது, மிஷின் என்னை இழுத்துக்கொண்டு ஓடும். பதினோரு மணிக்குள் மூன்று கோடு. நான்காவது ஜோடியும் கெட்டுப்போய் என் மடியில் கிடந்தது. செக்கர் வந்து எடுத்துப் பார்த்து, கோடு போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை. அப்போது எதிரே உட்கார்ந்திருந்தவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். போகிற வழியில் முந்தானையால் என் கோடு ஒன்றைத் துடைத்தாள், தன் பெயருக்கு நேரே ஒன்று போட்டாள், தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவள்தான் மெஹர் அக்கா. அவளுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். அன்றைக்கு அவள் பெயருக்கு நேரே ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. அதுதான் எங்கள் மேசையில் வழக்கம். புதுசாக வந்தவளுக்கு நான்கு விழுந்தால், கோடே இல்லாதவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். இதற்குப் பெயர்கூட வைத்ததில்லை. யாரும் நன்றி சொல்வதில்லை. சூப்பர்வைசருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு நாள், "இந்த மேசைல மட்டும் எல்லாருக்கும் ஏன்தான் இவ்ளோ தாகமோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் நீ அடிக்கடி எழுதிய அணியில் ஐந்தாம் எண்ணில் ஒரு பையன் நின்றான், ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு ஏதோ நீளமான பெயர். நான் புதுசு என்று கூப்பிடுவேன். சட்டை தோளிலிருந்து தொங்கும். பந்து அவனை நோக்கி வந்தால் பிடிப்பதற்கு முன்பே முகத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை வந்துவிடும். எனக்கு அந்த முகம் தெரியும். பக்கத்தில் ஆறாம் எண்ணில் நின்றவன் தாடி. மலை மாதிரி ஆள். சீசன் முழுக்க ஒரு பந்தைக்கூட அவன் கோட்டைவிடவில்லை, அவன் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை என்று நீதான் ஒரு நாள் பெருமையாகச் சொன்னாய், ஏதோ நீ பெற்ற பிள்ளை மாதிரி.

அன்றைக்குக் காலை உனக்கு இரண்டாவது ஆட்டம். மணி ஒன்பது இருக்கும். வெயில் ஜன்னல் வழியாக உன் மடியில் விழுந்துகொண்டிருந்தது. "அஞ்சு பிடிச்சான்" என்றேன். நீ அழுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை தொங்கிப்போய்த் தூங்குகிறாய். எழுப்பியிருக்கலாம். நான்கு மணிக்கு எழுந்த பிள்ளை, கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தேன். ஆட்டம் நிற்கவில்லை. எழுதாமல் விட்டால் உனக்குத்தானே திட்டு. வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பினேன். வரிசையாக எட்டுப் பந்து எழுதினேன், ஒன்றுகூடத் தப்பு இல்லாமல். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? யாரும் என் பெயரைக் கூப்பிடாமலே அமெரிக்காவில் நடக்கிற ஆட்டத்தில் நானும் இருந்தேன். ஒன்பதாவது பந்து புதுசை நோக்கித் தரையோடு வந்தது. குனிந்தான். கையுறைக்கும் தரைக்கும் நடுவில் புகுந்து பந்து பின்னால் போய்விட்டது. மூன்று நாளில் அவனுக்கு அது நான்காவது. கேமரா அவன் முகத்தையே காட்டியது.

நான் ஆறை அழுத்தினேன்.

கை தவறி அல்ல. ஐந்து எது, ஆறு எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தாடி பெயருக்கு நேரே ஒரு கோடும் இல்லை, புதுசுக்கு நான்கு. கை தானாகப் போய்விட்டது. இருபத்தைந்து வருடம் தண்ணீர் குடிக்க எழுந்து போன கை அது. அப்போது நீ அசைந்தாய். லேப்டாப்பைத் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன். நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்து, "பரவால்ல, தூக்கத்துலயே எழுதிக்கிறேன்" என்று உனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. நான் தாளிக்கிற சத்தத்தை ஜாஸ்தி பண்ணினேன்.

அமெரிக்காவில் ஒரு துரும்பும் அசையவில்லை. மைதானத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஐந்து என்றுதான் எழுதியிருந்தார். புதுசின் கணக்கில் அது விழுந்தது. தாடி தாடியாகவே இருந்தான். புதுசை யாரும் நூல் வெட்ட அனுப்பவில்லை. அடுத்த வருடமும் ஆடினான், நன்றாகவே பிடித்தான், நான் காப்பாற்றியதால் அல்ல. நம் ஆம்பூரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும்தான் இடி விழுந்தது. மூன்றாம் நாள் உனக்கு மெயில் வந்தது, உன் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று. அந்த மாதம் தப்பே செய்யாதவர்கள் பட்டியலில் இருந்த நீ இறங்கிவிட்டாய். இந்தச் சரிபார்க்கிற வேலை அப்போதே உனக்கு வரவேண்டியது, வேறு ஒருவருக்குப் போனது. அதைக்கூட நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீடியோவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "சின்னக் கொழந்த பாத்தாலும் அஞ்சுன்னு சொல்லும்மா. நான் எப்படி ஆறு போட்டேன்? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாய். ஞாபகம் எப்படி இருக்கும்? நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று, "போனா போவுது, மோர் குடி" என்றேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது, அந்த மோரை நினைத்தால்.

சின்ன விஷயம், காலம் போகப் போகக் கரைந்துவிடும் என்று நினைத்தேன். நீ கரைய விடவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தாய். பொங்கலுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது கேஸை மூன்று தடவை திருகிப் பார்த்தாய். போகட்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவன் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாய். நானும் அப்பாவும் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். "நாங்க உள்ள கீறோம்டா, பூட்டினா எப்படி வெளில வர்றது?" என்று அப்பா கேட்டார். நீ அதையும் யோசித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாய். சோளிங்கரில் பெண் பார்க்கப் போனோமே, அங்கே அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டாய். சொன்னாள். என்ன படித்தாள் என்று கேட்டாய். சொன்னாள். மறுபடி பெயர் கேட்டாய். காபி குடித்துவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டாய். அந்தப் பெண் அவள் அம்மாவிடம், "பொண்ணு பாக்க வந்தாரா, ஆதார் கார்டு சரிபாக்க வந்தாரா?" என்று கேட்டது சமையலறை வரைக்கும் போய்விட்ட எனக்குக் கேட்டது. சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் போனதற்கு நான் காரணம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் மெஹர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். நான் ஏதோ நல்ல காரியம் செய்ததாகத்தான் சொல்லி முடித்தேன், நம்ம மேசை வழக்கப்படிதானே செய்தேன் என்று. அவள் முகம் மாறிவிட்டது.

"அடியே, அஞ்சு ஆறெல்லாம் எனக்கு வாணாம். கோட்ட எடுத்து யார் தலைல வெச்ச?"

"தாடி தலைல."

"அவன் எழுந்து தண்ணி குடிக்கப் போனானா?"

"இல்ல."

"அப்ப அது நம்ம வழக்கம் இல்லடீ. அது திருட்டு. சரி, மெயில் வந்துதே, அப்ப யார் தலைல எறங்குச்சி?"

"எம் புள்ள தலைல."

"அவன் எழுந்து போனானா?"

"தூங்கினு இருந்தான்க்கா."

"யா அல்லா! தூங்கற புள்ள தலைல வெச்சிட்டு, இத்தன வருஷம் நீ மோர் ஊத்தினு கீறியா?" என்றாள். சாப்பாட்டு ஷெட்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்புறம் அவளே குரலைத் தாழ்த்தி, "உன் கோடுடீ அது. போய் எடுத்துக்கோ" என்றாள். போனில் மூன்று தடவை முயற்சி செய்தேன், வாய் வரவில்லை என்றேன். "வாய் எதுக்கு? கை இருக்குதுல்ல? எழுது. ஒரு பக்கம் முடிஞ்சா அத போட்டோ புடிச்சி அனுப்பிடு. முழுசா முடிக்கட்டும்னு வெச்சினு இருந்தியானா நீ கிழிச்சிப் போட்ருவ, உன்ன எனக்குத் தெரியாதா?" என்றாள். தோலைத் தைக்கிறவளுக்கு அது புரியும். துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான்.

அதனால் முந்தைய பக்கங்களை எழுத எழுத வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக நீலக் கோடு விழுந்துகொண்டே வருகிறது. ஆறை அழுத்தினேன் என்று எழுதின பக்கத்தையும் நீ பார்த்துவிட்டாய்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவள் கடிதத்தில் அது இல்லாமல் போனால் கடிதம் மாதிரி இருக்காது. நீ அந்த வேலையை எடுத்துக்கொள். எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு காரணத்துக்காக எடுத்துக்கொள்ளாமல் இரு, சம்பளம் போதவில்லை, பஸ் வசதி இல்லை, மேனேஜர் மூஞ்சி பிடிக்கவில்லை, எதுவாவது. அந்தப் பந்துக்காக வேண்டாம். அந்தப் பந்து உன்னுடையது இல்லை. நீ எழுதின ஆயிரக்கணக்கான பந்தில் அது ஒன்றுதான் உன்னுடையது இல்லை, அதைத்தான் நீ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உன்னுடைய தப்புகள் வேறு நிறைய இருக்கும், அதை நான் எண்ணவில்லை. அவற்றுக்காக வருத்தப்படு. நாளைக்கு நீ சரிபார்க்கிற இடத்தில் உட்கார்ந்தால், ஐந்து போட வேண்டிய இடத்தில் யாராவது ஆறு போட்டிருந்தால், திருத்து. என்னை மாதிரி இரக்கப்பட்டு விட்டுவிடாதே. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து, எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேள். யாரோ ஒரு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்புறம், ஆபீஸ் லேப்டாப்பை வேறு யாரும் தொடக் கூடாது என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதற்கு என்ன தண்டனையோ என் பெயருக்குப் போடச் சொல். கேட்டால் நான் வந்து சொல்கிறேன். என் குரல் அவர்களுக்குக் கேட்காவிட்டால் மெஹர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் குரல் கேட்கும். அந்தச் சோளிங்கர்ப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார், அவள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

போன் அடிக்கிறது. நீதான். முதல் தடவை அடித்து நின்றுவிட்டது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது தடவை அடித்தபோது உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எடுக்கவில்லை. "நான் எடுத்து இன்னா சொல்றது? அஞ்சு யாரு, ஆறு யாருன்னே எனக்குத் தெரியாது. அழுத்தினது நீ, நீயே பேசு" என்று என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை அடிக்கிறது. கோபமாகக் கூப்பிடுகிறாயா வேறு எப்படியா என்று அடிக்கிற சத்தத்தை வைத்துத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தை போட்டோ எடுக்க வேண்டும், அதற்கும் போன்தான் வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு எடுக்கிறேன்.